ஒற்றைக்கால் ஸ்டாண்டும் கெட்டிமேளமும்

ஜனவரி 16, வியாழன்

நகைக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு ஒட்டியாணம். மிச்ச இடத்தை நான் நிரப்ப வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்குள் ஒரு மோனோபாட் வாங்கிவிட வேண்டும். மூன்று கால் ஸ்டாண்டை மணமேடையில் விரித்தால் ஐயர் முறைக்கிறார், அத்தைமார்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒற்றைக்கால் என்றால் நாலு பேருக்கு நடுவில் செருகிக்கொள்ளலாம். காமிராவும் எழுபது–இருநூறு லென்ஸும் சேர்ந்து இரண்டரைக் கிலோ. காலையிலிருந்து மதியம் வரை தூக்கினால் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. அதற்காகத்தான் வாங்குகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் தங்கை தமயந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியில் சர்க்கரை குறைவு.

ஜனவரி 20, திங்கள்

தஞ்சாவூர் போய் வந்தோம். தமயந்தியும் வந்தாள். எட்டு வருடமாக மன்னார்குடியில் என் ஸ்டூடியோவில் லைட் பிடிப்பவள், வருகிறவர்களிடம் எனக்காகப் பேசுகிறவள். என் காது ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலோடு போய்விட்டது. தமிழ் அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதால் அது மட்டும் தப்பித்தது. தமயந்தியிடமும் அம்மாவிடமும் கையால் பேசுவேன். மற்றவர்கள் பேசுவதை உதட்டில் படிப்பேன். மீசை பெரிதாக இருந்தால் பாதிதான் விளங்கும். டைரியில் எல்லாவற்றையும் பேச்சாகவே எழுதிவிடுகிறேன். கை எப்படி அசைந்தது என்று வரைந்துகொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

கடைக்காரர் வாயை அகலத் திறந்து பேசினார், பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி. பிறகு அதுவும் அலுத்துப்போய் தமயந்தி பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணனுக்கு எவ்ளோ ஒயரம் வேணும்னு கேளுங்கம்மா."

"அண்ணன் ஒங்க எதுத்தாப்லதான் நிக்கிறாரு. அவர்ட்டயே கேளுங்க" என்றாள்.

அலுமினியம் ஒன்றைக் கையில் கொடுத்தார். முக்கால் கிலோவுக்கு மேல். இரண்டரைக் கிலோவைத் தாங்க வாங்கும் பொருளே முக்கால் கிலோ என்றால், சும்மாடே ஒரு சுமை என்ற கதைதான். கார்பன் ஃபைபர் ஒன்று இருந்தது. நானூற்று எண்பது கிராம். கையில் வாங்கியதும் மேல்துண்டை மட்டும் கொடுத்துவிட்டாரோ என்று பார்த்தேன், முழுசும் இருந்தது.

அதிலும் இரண்டு வகை. ஒன்று திருகு லாக். "டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருப்புங்க, அவ்ளோதான்" என்றார். சத்தம் வந்ததா என்று நான் யாரைப் போய்க் கேட்பது? கிளிப் லாக் வைத்ததை எடுத்துக்கொண்டேன். மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நாலு துண்டு, மடக்கினால் ஒன்றே முக்கால் அடி. பைக் பக்கப் பையில் போகும்.

அம்மா பார்த்துவிட்டு, "இதென்னடா கம்பு? நாய் வெரட்டவா?" என்றாள்.

பெண் பார்த்தவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. பிடித்திருக்கிறதாம்.

ஜனவரி 21, செவ்வாய்

மாப்பிள்ளைப் பையன் பெயர் குணசீலன். பட்டுக்கோட்டையில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தான். ஒரு மனுஷனுக்கு எதற்கு இரண்டு பேனா.

தமயந்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இது நாலாவது. அம்மா அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. லென்ஸைத் துடைத்து வைத்தேன், அழுக்கே இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மோனோபாட்டோடு முதல் கல்யாணம். நன்றாக இருக்கிறது. காமிராவை வலது கை பார்த்துக்கொள்கிறது, எடையைக் கால் பார்த்துக்கொள்கிறது. இடது கைக்கு வேலையே இல்லை.

வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? மணமேடைக்கு முன்னால் நின்ற பெரியவரை விலகச் சொன்னது. மாப்பிள்ளைத் தோழனைச் சிரிக்கச் சொன்னது. குடை பிடித்த பையனைக் குடையைத் தூக்கச் சொன்னது. இத்தனை வருடம் கண்ணில் காமிராவை வைத்துவிட்டால் நான் ஊமை. இரண்டு கையும் அடைபட்டுப் போகும், எதுவானாலும் தமயந்திதான் சொல்ல வேண்டும். இன்றுதான் படம் எடுத்துக்கொண்டே பேசினேன். சந்தோஷமாக இருந்தது.

"அப்ப நான் எதுக்கு?" என்று தமயந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் எதற்கு என்று எழுதிவிடுகிறேன். படிப்பது நான்தானே. தாலி கட்டும் நேரத்தில் என் இடது தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதை எடுத்துக்கொண்டிருப்பேன், மாப்பிள்ளை அப்பா வாட்ச்சைப் பார்ப்பதை எடுத்துக்கொண்டிருப்பேன். தட்டு விழுந்ததும் திரும்புவேன், மூன்று முடிச்சும் கிடைத்துவிடும். மற்ற போட்டோகிராபர்கள் "மாப்ள, தாலியை அப்டியே புடிச்சுக்கிட்டு இங்க பாருங்க" என்று நிறுத்தி எடுப்பார்கள். நான் யாரையும் நிறுத்தியது கிடையாது. எட்டு வருடத்தில் ஒரு முடிச்சைக்கூட விட்டதில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் என்று ஊரில் பேச்சு.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று தனியாகப் போனேன். தமயந்தியிடம் வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவளுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா.

ஐயர் கையை உயர்த்துவதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சரியான நேரத்தில் வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். நான் இடம் மாறி மோனோபாட்டை ஊன்றிக் கண்ணை வைத்தபோது மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டு முடித்திருந்தான். மேலே அட்சதை பறந்துகொண்டிருந்தது. மூன்றாவது முடிச்சு மட்டும் கிடைத்தது, அதிலும் நாத்தனார் முதுகுதான் பாதி.

பெண்ணின் அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். "பரவால்ல தம்பி, வீடியோல இருக்கும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் தமயந்தி எப்படி வந்தது என்று கேட்டாள். பிரமாதம் என்றேன். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டவளும் அவள்தான். எனக்குப் பிடிக்கும் என்று முட்டைத் தோசை ஊற்றினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

மழை இல்லை. ஒரு பாஸ்போர்ட் போட்டோ. சீக்கிரம் கடையை மூடினேன்.

மார்ச் 2, ஞாயிறு

வடுவூர்ப் பக்கம் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். மரப்பலகை அடித்து மேடை. இடம் போதாமல் மேளக்காரர்களும் அதே பலகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தி வந்திருந்தாள், தோளில் தட்டினாள், முடிச்சு மூன்றும் கிடைத்தன.

கிடைத்தன என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பத்தொரு படம் கலங்கியிருக்கிறது. என் கை நடுங்கவில்லை. அந்தக் கார்பன் குச்சிதான் நடுங்கியிருக்கிறது. படம் எடுக்கும்போதே உள்ளங்கையில் என்னவோ குறுகுறுத்தது. எடை குறைவு என்று பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன், எனக்கு வேண்டும். கடைக்குக் காட்டமாக ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

கடைக்காரரிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டாம்.

காலையில் கலங்கிய படங்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து வீடியோக்காரர் கொடுத்த பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். திடீரென்று என் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கினாள். ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் வீடியோவின் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணே, கலங்குன படம் எல்லாம் கெட்டிமேளம் வாசிக்கிறப்ப எடுத்தது. பொண்ணு மேடைக்கு வந்தப்ப ஏழு. தாலி கட்டுறப்ப மிச்சம் அத்தனையும். மேளம் இல்லாதப்ப ஒண்ணுகூட கலங்கல."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் எழுந்து மோனோபாட்டை நீட்டி மரக்கட்டிலின் தலைமாட்டில் ஊன்றி என் கையில் பிடிக்கக் கொடுத்தாள். கண்ணை மூடு என்றாள். கால்மாட்டுக்குப் போய் இரண்டு கையாலும் கட்டில் பலகையில் அடித்தாள்.

வந்தது. அடியிலிருந்து ஏறி என் உள்ளங்கைக்குள் வந்தது. மெதுவாக அடித்தாள், மெதுவாக வந்தது. கெட்டிமேளம் மாதிரி மூச்சுவிடாமல் அடித்தாள், முழங்கை வரைக்கும் வந்தது. இருபத்தேழு வருடமாக எல்லோரும் எனக்குச் சொல்லித்தான் மேளம் தெரியும். இன்று யாரும் சொல்லாமல் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் உள்ளங்கை சிவந்திருந்தது, இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள்.

மோனோபாட்டை மடக்கி வைத்தேன். பிறகு நான் சொன்னேன்: "அந்த ரெண்டு பேனா பையனுக்கு இன்னும் வேற எடம் முடிவாகலன்னு அம்மா சொன்னுச்சு. போன் போட்டுப் பேசு."

"நீ அவனப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லலியே."

"நான் யாரப் பத்திதான் நல்லதா சொன்னேன்."

அவள் அழுதாள். நாலு பேரையும் எனக்காகத்தான் வேண்டாம் என்றாள் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. மோனோபாட் வாங்கியதே அந்தப் பயத்தில்தான், மணிக்கட்டு வலியெல்லாம் சும்மா. எழுதிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

குணசீலன் வந்தார். இரண்டு பேனா எதற்கு என்று தெரிந்துவிட்டது. மேஜையில் ஒரு நோட்டைப் பிரித்து வைத்து ஒரு பேனாவை என்னிடம் நீட்டினார், ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். போன தடவையே அதற்காகத்தான் வாங்கி வந்தாராம். நான் முகம் கொடுக்கவே இல்லையாம்.

"மச்சான், எனக்குக் கையால பேசத் தெரியாது. கத்துக்கிற வரைக்கும் இப்படிப் பேசலாமா?" என்று எழுதினார். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. ஆனாலும் ஆறு பக்கம் பேசினோம். மோனோபாட் விஷயத்தைச் சொன்னேன். பலகை என்றால் அதிர்வு வரும், சிமெண்ட் தரை என்றால் வராதே என்று அவரே கண்டுபிடித்துக் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. காபியில் சர்க்கரை சரியாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

முகூர்த்தம் ஜூன் எட்டு. மன்னார்குடியிலேயே மண்டபம்.

போட்டோ யார் எடுப்பது என்று ஒரு சண்டை. பெண்ணின் அண்ணன் பட்டு வேட்டி கட்டி மேடையில் நிற்காமல் காமிராவைக் கட்டிக்கொண்டு அழுவானா என்று பெரியப்பா கேட்டார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டே எடுக்கிறேன் என்றேன். தமயந்தியும் ஒரே பிடிவாதம், அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்று. ஆனால் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது.

"கெட்டிமேளம் வந்ததும் மணையிலேர்ந்தே நான் கையக் காட்டிடுறேன்."

"பொண்ணு குனிஞ்சு ஒக்காரணும். டிராபிக் போலீஸ் மாதிரி கையக் காட்டிக்கிட்டு இருப்பியா?"

"நீ விட்டுட்டன்னா?"

"விட மாட்டேன்."

"பிப்ரவரில விட்டியே." நான் எழுந்து போய்விட்டேன்.

மே 18, ஞாயிறு

தனியாக ஒரு கல்யாணம். ஐயர் கையைப் பார்த்தே எடுத்துவிட்டேன். சிமெண்ட் மேடைதான். இன்று யாரும் குறுக்கே வரவில்லை. எல்லா நாளும் இப்படி இருக்காது.

ஜூன் 7, சனி

மண்டபத்தின் மேடையும் சிமெண்ட். அலங்காரம் செய்பவர்கள் மணமக்கள் உட்காருவதற்காக மேலே ஒரு பலகை மேடை போட்டு, கார்பெட் விரித்திருந்தார்கள். மதியம் தவில்காரர் சிங்காரம் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பத்து வருடமாக ஒரே கல்யாணங்களில் சாப்பிடுகிறோம். விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். தவிலை எடுத்து மாட்டிக்கொண்டார்.

காலி மண்டபத்தில் அவர் கீழே உட்கார்ந்து வாசித்தார். நான் ஒவ்வொரு இடமாக ஊன்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஒன்றும் இல்லை. பலகை மேடையின் மூலைக்கு வரச் சொன்னேன். லேசாக வந்தது, கார்பெட்டும் மோனோபாட்டின் ரப்பர் பாதமும் அமுக்கின. ரப்பரைச் சுழற்றி ஏற்றினால் உள்ளே ஒரு கூர்முனை இருக்கிறது. அதைக் கார்பெட்டில் செருகிப் பலகையைத் தொட்டேன். தொட்டதும் முழங்கை வரைக்கும் வந்தது.

மண்டபத்து மேனேஜர் ஓடி வந்தார். கார்பெட்டில் ஓட்டை என்று கத்தினார். சிங்காரம் அண்ணன் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் என்னவோ சொன்னார். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார்.

"இந்த மூலையில ஃபேன் காத்தே வராதேப்பா" என்றார் அண்ணன், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. "சரி, ஒரு கல்யாணத்துக்கு வேர்த்தா செத்தா போயிடுவேன்."

படம் கலங்காமலிருக்க ஷட்டர் வேகத்தை முந்நூற்றிருபதில் வைக்கப் போகிறேன். தமயந்தி மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். கை காய வேண்டும், அதனால் இன்று என்னோடு பேச முடியாது என்று உதட்டால் சொன்னாள்.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாம் சரியாக இருந்தது, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு வரைக்கும்.

சிங்காரம் அண்ணன் மூலையில் இருந்தார். மேளம் மெல்ல உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொந்தக்காரர்கள் அட்சதை போட மேடை ஏறத் தொடங்கினார்கள். பெரியப்பா, அவர் சம்பந்தி, பட்டுக்கோட்டைப் பெண்கள் கூட்டம், குழந்தைகள் என்று முப்பது பேர் பலகையில் ஏறினார்கள். என் கை முழுவதும் கால்களின் அதிர்வு. மேளம் எது, மிதி எது என்று தெரியவில்லை. ஐயர் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோனார். விலகச் சொல்லிக் கை காட்டினேன். பெரியப்பா எனக்கு ஆசீர்வாதம் செய்தார்.

என் தங்கை கல்யாணத்தில் விடப் போகிறேன் என்று நினைத்தேன். கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் மூடிக்கொண்டேன். கட்டிலில் அவள் அடித்துக் காட்டியபோது மூடிய மாதிரி. கையில் வருவதைக் கவனித்தேன். கால்கள் இஷ்டத்துக்கு வந்தன, நின்றன, ஒன்றை ஒன்று இடித்தன. அதற்கு அடியில் ஒன்று மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அது சட்டென்று நெருங்கியது, இடைவெளியே இல்லாமல் ஆனது, மணிக்கட்டைத் தாண்டி ஏறியது.

கண்ணைத் திறந்து அழுத்தினேன். குணசீலன் தாலியை எடுத்துக்கொண்டிருந்தார், கழுத்தருகே கொண்டுபோனார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்போது தமயந்தி தலையைத் தூக்கினாள். சொன்னபடி கேட்கிற பெண்ணா அவள். மாலைக்கு அடியிலிருந்து மருதாணிக் கை வெளியே வந்தது, எனக்குச் சொல்வதற்காக.

நான் இடது கையால் முந்திக்கொண்டேன். "தெரியும். எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். முதல் முடிச்சு விழுந்தது. சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது முடிச்சு. குனி என்று சொன்னேன், குனியவில்லை. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டாள். மூன்றும் என்னிடம் இருக்கின்றன. கடைசிப் படத்தில் எனக்கே வியூஃபைண்டர் சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அதுவும் கலங்காமல் வந்திருக்கிறது.

சாயங்காலம் பட்டுக்கோட்டைக்கு வண்டி ஏறும்போது அவள் அழவில்லை. நானும் இல்லை. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

ஜூன் 11, புதன்

ஆல்பத்துக்குப் படம் பொறுக்கினோம். தாலி கட்டும் படத்தை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாப் பொண்ணும் தரையப் பாத்துக்கிட்டு இருக்கும். இவ என்னடா, யாரையோ பாத்துச் சிரிக்கிறா. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? கீழ பாக்குற மாதிரி வேற ஒண்ணு இல்லியா?"

இல்லை என்றேன். குணசீலனுக்கு அனுப்பிக் கேட்டேன். "மச்சான், முதல் பக்கத்துக்கு இதுதான்" என்று பதில் வந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கமாக ஸ்டூடியோ பெயரையும் என் பெயரையும் போடுவேன். இதில் போடவில்லை. எடுத்தது யார் என்று தெரிய வேண்டியவர்கள் முதல் படத்தில் அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்துக்கொள்ளட்டும்.